காணாமல் போன எழுத்துகள்



2015 ஜூன் மாதம். பிரிட்டன் பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெருவின் பெயர்ப்பலகையில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைக் காணோம். வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற புத்தகக் கடையும் தன் பெயரில் சில எழுத்துகளை இழந்திருந்தது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. ட்விட்டரில் ஆளாளுக்குப் படம் போட்டு, என்ன ஆயிற்று என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கேள்வி நன்றாகப் பரவிய பிறகு பதில் வந்தது. காணாமல் போனவை ஏ, பி, ஓ. ரத்தப் பிரிவுகளின் எழுத்துகள். புதிதாக ரத்தம் கொடுக்க முன்வருவோர் பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிட 40 சதவீதம் குறைந்துவிட்டதால், பிரிட்டன் அரசின் ரத்த சேவை செய்த ஏற்பாடு அது. சுமார் 30,000 பேர் புதிதாகப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு 20க்கும் மேற்பட்ட நாடுகளின் ரத்த வங்கிகள் இதையே எடுத்துச் செய்தன.

இதில் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். மருத்துவமனைக் கட்டடம் இல்லை, டாக்டர் படம் இல்லை, நாங்களே முதலிடம் என்ற பேச்சு இல்லை. அமைப்பின் பெயரே கடைசியில்தான் வந்தது. மக்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ரத்தம் கொடுக்கப் பதிவு செய்யுங்கள்.

நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தால் பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, நடுவில் தலைமை மருத்துவருக்குப் பொன்னாடை. பார்ப்பவர் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. உண்டா? சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா? இவற்றை எளிய தமிழில் சொல்லும் பக்கத்தைத்தான் மக்கள் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பிவைப்பார்கள். அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனால் கூட்டம் சேர்ப்பது பாதி வேலைதான். 2012 மே 1 அன்று, அமெரிக்காவில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவர்கள் அதைத் தங்கள் பக்கத்தில் அறிவிக்க ஃபேஸ்புக் வழி செய்தது. வழக்கமாக நாளுக்கு சுமார் 600 பேர் பதிவு செய்யும் இடத்தில் அன்று மட்டும் 13,000 பேர். சில நாட்களிலேயே அந்த வேகம் தணிந்துவிட்டது. உறுப்பு தானம் என்பதால் பாதகமில்லை, பதிவேட்டில் எழுதிய பெயர் அங்கேயே இருக்கும்.

ரத்தம் அப்படிக் காத்திருக்காது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாளில் வீணாகிவிடும். இன்று ரத்தம் கொடுத்த ஆண் அடுத்து மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கலாம், பெண் நான்கு மாதம் கழித்து. ஒரே நாளில் ஊரே திரண்டு கொடுத்துவிட்டால் ஒரு பகுதி கெட்டுப்போகும், அடுத்த மாதம் ஆள் இருக்காது. எனவே, "இந்த வாரம் ஓ நெகட்டிவ் மட்டும் போதும், மற்றவர்கள் அடுத்த மாதம் வாருங்கள்" என்று துணிந்து எழுதும் ரத்த வங்கியை நான் நம்புவேன். வராதீர்கள் என்று சொல்லத் தெரிந்தவர் வாருங்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கும்.

கொடுத்தவருக்குத் திரும்பச் சொல்வதும் முக்கியம். சுவீடனின் ஸ்டாக்ஹோமில், ஒருவர் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதும் கொடுத்தவருக்குக் குறுஞ்செய்தி போகிறது. நோயாளி யார் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அந்தச் செய்தியை வாங்கியவர்கள் தாங்களாகவே நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள்.

இங்கே சிலர் படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கைகூப்ப வைத்து வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். சம்மதம் வாங்கினோம் என்பார்கள். தையல் பிரிக்காத நிலையில், தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? விளம்பரம் செய்து நோயாளிகளைத் தேடக்கூடாது என்று நம் நாட்டு டாக்டர்களுக்கு 2002ஆம் ஆண்டின் நெறிமுறைகளே சொல்கின்றன.

கடைசியாக, நம் எல்லார் கைபேசிக்கும் வரும் செய்தி. "அவசரம், ரத்தம் தேவை." தேதி இருக்காது, ஊர் இருக்காது. நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகும் அது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்த ரத்த வங்கியில் எவ்வளவு இருப்பு என்று காட்டும் இ-ரக்த்கோஷ் என்ற அரசு இணையதளம் இருப்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனைகள் இந்த வேண்டுகோளைப் படமாக அனுப்பாமல், தங்கள் பக்கத்தில் தேதியோடு எழுதி, அதன் சுட்டியை மட்டும் அனுப்பலாம். ரத்தம் கிடைத்ததும் அந்தப் பதிவைத் திருத்தி, "கிடைத்துவிட்டது, இனி பகிர வேண்டாம்" என்று எழுதிவிட்டால், ஒரு மாதம் கழித்துத் திறப்பவருக்கும் அதுதான் தெரியும்.