எடுத்த படம் கெடாமல் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும்
(சிவகாசி வட்டாரத் தொழிலாளர்களிடையே பேசியது)



1990-ல் சலம் பெண்ணூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற செய்திப்படத்தை எடுத்தார். சிவகாசிக் குழந்தைகளின் உழைப்பை வெளியூர் ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். இன்று கேமரா நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆனால் எடுத்த படம் எடிட்டிங்குக்குப் போய்ச் சேருமுன்பே கெட்டுவிடுகிறது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயிடம், "படம் அழிந்துவிட்டது, மறுபடி சொல்லுங்கள் அம்மா" என்று எந்த முகத்தோடு கேட்பது?

முதலாவது, படத்தை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பக் கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிள் போட்டு நேராக இறக்க வேண்டும்.

இரண்டாவது, மெமரி கார்டிலிருந்தே எடிட் செய்யக் கூடாது. எடிட்டிங் சாப்ட்வேர் படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இருக்குமிடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. கார்டைப் பிடுங்கினால் படம் மறையும். முதலில் கார்டில் உள்ள போல்டர் முழுவதையும் டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டும். பல கேமராக்கள் நீண்ட பேட்டியை 4 ஜி.பி. துண்டுகளாக வெட்டி வைக்கும். ஒரு துண்டு விட்டால் பேச்சு நடுவில் அறுந்துபோகும்.

மூன்றாவது, எண்ணிப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் கட்டை ஒன்று குறைந்தாலும் கூலி குறையுமல்லவா? அதேபோல் பைல் எத்தனை, அளவு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் ஒத்துப்பார்க்க வேண்டும். 'ஹாஷ்' எண் எடுத்தால் இன்னும் நல்லது. பைலில் ஓர் இம்மி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழிலும் இந்த எண் கேட்கப்படுகிறது. இரண்டு டிஸ்க்கில் ஏறிய பிறகே கார்டை அழிக்க வேண்டும்.

நான்காவது, ராஜபாளையம் மில் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மிஷின் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் நூல் கெடும். போன் கேமராவோ வெளிச்சத்துக்குத் தக்கபடி வேகத்தை மாற்றும். அதனால் எடிட்டிங்கில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச சாப்ட்வேரில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். மூலப்படத்தைத் தொடவே கூடாது.

கடைசியாக ஒன்று. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவவும் பார்க்கவும் ஓடியவர்களும் அதில் உண்டு. எரிகிற ஆலைக்குப் போனோடு ஓடாதீர்கள். மருந்து அறைக்குள் போனே வேண்டாம். உயிரோடு இருப்பவன்தான் சாட்சி சொல்ல முடியும்!