வீடு கைமாறும்போது மழைநீரையும் கேளுங்கள்

(சீவலப்பேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீவலப்பேரி என்பது ஸ்ரீவல்லபப் பேரேரி என்பதன் மரூஉ என்பர். ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஊரின் வாயிலில் பொருநையும் சிற்றாறும் கூடுகின்றன. இவ்வூரில் நின்று தண்ணீர் சேமிப்பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும் எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இந்த ஆற்றுநீர் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிருந்து எடுக்கப்படும் நீர் கோவில்பட்டி வரை குழாய் வழியே செல்கிறது. கீழே மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளை நம்பி நெல்லும் வாழையும் நிற்கின்றன. கோடையில் ஆறு மெலியும்போது ஒரே நீருக்குப் பல கைகள் நீளுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வளவு நீரும் வயலை அழித்துக் கடலைச் சேர்ந்தது. அடுத்து வந்த கோடையில் குடம் ஏந்தாமல் இருந்துவிட்டோமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 540 சதுர அடிக் கூரையுள்ள வீடொன்றில், ஆண்டில் 600 மில்லிமீட்டர் பெய்வதாகக் கொண்டால் 30,000 லிட்டர் ஆகிறது. ஆவியாவதும் சிதறுவதுமாக ஐந்தில் ஒரு பங்கு போயினும் 24,000 லிட்டர் மிஞ்சும். ஜல்ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனில், ஐவருள்ள குடும்பத்திற்கு இது ஏறத்தாழ 87 நாள் நீராகும். இதைத்தான் நாம் வீதிச் சாக்கடைக்குத் தானமாக வழங்குகிறோம்.

சட்டம் சொல்வது யாது? 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி, முன்பே கட்டப்பட்டவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. நமது ஊராட்சிகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதனை வேண்டுகின்றன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சல் குறைந்தது, மிக நல்லது. ஆனால் முன்கூட்டி வந்து பார்ப்பார் இல்லாதபோது, வரைபடத்தில் உள்ள குழி மண்ணிலும் உண்டா என்பது வீட்டுக்காரரின் மனச்சாட்சியையே பொறுத்ததாகிறது.

குழி மறையும் காலம் ஒன்றுண்டு. அது வீடு விற்கப்படும் காலம். வாங்கியவர் முற்றத்திற்குச் சிமெண்ட் தளம் போடுகிறார். வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று குழியை மூடுகிறார். கூரைக் குழாயை அறுத்து வீதியில் விடுகிறார். அங்கே குழி இருந்ததென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினர். 1994க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் நீரை வீணாக்கும் பழைய கழிப்பறைத் தொட்டி, குழாய் முதலியவற்றை மாற்ற வேண்டும். தனி வீட்டை விற்பவர், அத்தகைய பழைய சாதனங்கள் வீட்டில் உண்டா இல்லையா என்பதை வாங்குபவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையாயிற்று. வீட்டில் வெள்ளையடிக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வரும் வேளை விற்பனை வேளையே. அப்போது ஒரு குழாயையும் சேர்த்து மாற்றுவது பெருஞ்செலவன்று.

நமது பத்திரங்களைப் பாருங்கள். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று நம் முன்னோர் எழுதி வைத்தனர். மனையோடு ஜலமும் கைமாறுகிறது என்பதே அதன் பொருள். கிணற்றுப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் யாவும் ஒழுங்காக எழுதுகிறோம். தாழ்வார நீர் யார் மனையில் விழுவது என்று அண்ணன் தம்பியர் வழக்காடி ஊராட்சி வரை வந்ததையும் பார்த்திருக்கிறோம். வேடிக்கை யாதெனில், அவ்வழக்குகளில் அந்த நீர் எனக்கு வேண்டும் என்று கேட்டவர் அரியர்! இனியேனும் சொத்து விவரத்தில், “வடமேற்கு மூலையிலுள்ள மழைநீர்க் குழியும் அதற்குரிய குழாய்களும் உட்பட” என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் ஏதுமில்லை. வாங்குபவரும் முன்பணம் கொடுக்குமுன் குழியின் மூடியைத் திறந்து பார்க்கட்டும்.

குழி எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். பெரும்பாலான குழிகள் பயனற்றுப் போவது இதனால்தான். ஆற்றோர மணற்பாங்கான நிலத்தில் மூன்றடி நீள அகலமும் ஐந்தடி ஆழமும் போதும். அடியில் உடைகல், நடுவில் கூழாங்கல், மேலே பருமணல் இட்டு மூடி போட வேண்டும். வடக்கே கரிசல் நிலத்தில் இது செல்லாது. கரிசல் நனைந்தால் உப்பித் துளைகளை அடைத்துவிடும். குழி கொசு வளரும் தொட்டியாகும். அங்கே குழியின் நடுவே களிமண்ணைக் கடந்து கீழ்ப் படிவம் வரை துளையிட்டுக் கூழாங்கல் நிரப்ப வேண்டும்; அன்றேல் மூடிய தொட்டியில் சேமிப்பதே மேல். தூர்ந்த கிணறு இருப்பின் அதனை மூடாதீர்கள். தூர் வாரி, வடிகட்டி வைத்துக் கூரை நீரை அதில் விடுங்கள். முதல் மழையின் நீர் தூசும் எச்சமும் கலந்தது. அதனை வெளியே விட்டுவிடுக. கழிப்பறைக் குழிக்கு அருகில் இதனை ஒருபோதும் தோண்டலாகாது. மேல்மணலை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் எடுத்துக் கழுவிப் போட வேண்டும்.

குழியில் விட்ட நீர் முழுவதும் நம் கிணற்றிலேயே நிற்குமா என்று கேட்பார் உண்டு. நில்லாது, அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் போகும். அவர் வீட்டு நீர் நமக்கும் வரும். தெரு முழுவதும் செய்தால்தான் கிணற்றின் மட்டம் உயரும். ஆகவேதான் ஊராட்சியின் துணை வேண்டப்படுகிறது.

கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அக்டோபர் 2 வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்திய நாள். மார்ச் 22க்குள் ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் குழியுள்ள வீடுகளையும், ஓராண்டுக்குள் கைமாறிய வீடுகளையும் தனித்தனியே குறித்து வருக. வீட்டுவரி இரசீதில் பெயர் மாற்றக் கேட்டு வருபவரிடம் குழியைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் கூரைகளை முதலில் சரிசெய்வோம். நம் குழி அடைபட்டிருக்கையில் பிறரைக் கேட்பது அழகன்று. மண்ணின் தன்மை பற்றி ஐயமுள்ளவர்கள் ஒன்றியப் பொறியாளரைக் கேட்டுவிட்டுத் தோண்டத் தொடங்குங்கள்.