தோளிலா, இடுப்பிலா?



கிறிஸ்தவ வாழ்வில் பெரிது உரிமையா, தொண்டா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தார். "இருபது வருஷம் சபைக்கு உழைச்சவன் முன்வரிசை நாற்காலி கேட்டா தப்பா?" என்றார்.

ஐயா, இது செபதேயுவின் மனைவி கேட்ட கேள்வி! ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அந்த அம்மா இயேசுவிடம் வர்றாங்க. உங்க ராஜ்யத்துல ஒருத்தன் வலப்பக்கம், ஒருத்தன் இடப்பக்கம் உட்காரணும். பெத்த தாயே நேர்ல வந்து சிபாரிசு! (சிரிப்பு) மத்தேயு இப்படி எழுதுகிறார். மாற்கு, பிள்ளைகளே கேட்டதாக எழுதுகிறார். யார் கேட்டா என்ன, கேட்டது நாற்காலி. மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்ததாம். எனக்கென்னமோ அது, நமக்கு முன்னால முந்திக்கிட்டானேங்கிற கோபமாத்தான் தெரியுது. (கைதட்டல்)

அது திருந்தியதா? இல்லை. கடைசி இரவு விருந்திலும் நம்மில் யார் பெரியவன் என்று வாக்குவாதம் நடந்ததை லூக்கா சொல்கிறார். அதே இரவில் இயேசு எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலைக் கழுவியதை யோவான் சொல்கிறார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க. கொஞ்ச நேரத்தில் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான்.

நம்ம ஊர்ல துண்டு தோள்ல கிடந்தா மரியாதை. இடுப்புக்கு இறங்கினா அடிமை. எதிரணியில் தங்கை கேட்டார்: "தலைமுறை தலைமுறையா துண்டை இடுப்புல கட்ட வச்ச ஜனங்ககிட்ட போய் பணிவு பேசுவீங்களா?" நியாயமான கேள்வி! அவர்களிடம் பேச மாட்டேன். அங்கே குனிந்தது குரு, சீடன் இல்லை. தோளில் துண்டு போட்டிருக்கிறவனுக்குத்தான் அம்மா இந்தப் பாடம். பறிக்கப்பட்ட உரிமையைக் கேட்கிறவனிடம் பணிவைப் போதிப்பது அயோக்கியத்தனம். (பலத்த கைதட்டல்)

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதைதானே என்பீர்கள். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு வாங்க. ஈவ்லின் பிராண்ட் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா. 1879-ல் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர். எழுபது வயதை ஒட்டி மிஷன் அந்த அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

இப்ப அவங்களுக்கு வரவேண்டியது என்ன? ஒரு பாராட்டு விழா, ஒரு சால்வை, சாய்வு நாற்காலி, மகன் வீட்டுச் சோறு. எல்லாம் நியாயமான உரிமைதான், நான் மறுக்கலை. அந்த அம்மா மறுத்துட்டாங்க! மலைக்கே திரும்பிப் போனாங்க. மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்தாங்க. 1974-ல், 95 வயதில் இறந்தபோது, கணவருக்குப் பக்கத்தில் அந்த மலையிலேயே அடக்கம்.

நடுவர் மணி மேல கையை வச்சுட்டார். எதிரணிக்குக் கொடுத்த அந்த ரெண்டு நிமிஷம் எனக்கும் வரவேண்டியதுதான். கேட்கலாம். கேட்டா என் அணி தோத்துடும்! (சிரிப்பு, கைதட்டல்)