ஆங்கிலத் தேர்வும் கடிதக் கலையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ் விழாவில் ஆங்கிலக் கடிதத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். பிழைப்பை நாடி நம் முன்னோர் இக்கரக்பூருக்கு வந்தனர். அதே பிழைப்பை நாடி நம் பிள்ளைகளுட் சிலர் இன்று கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்ல விழைகின்றனர். அவர்கள் கடக்க வேண்டிய வாயில்களுள் ஒன்று ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு. கனடாவின் கூட்டரசுத் திறன்சார் பணியாளர் திட்டத்தில் இத்தேர்வின் வழியே செல்வோர் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் குறைந்தது 6 புள்ளி பெறுதல் வேண்டும். மூன்றில் 7 பெற்றவரும் எழுத்தில் 5.5 பெற்றால் தகுதி இழப்பார். பல ஆயிரம் ரூபாய்க் கட்டணமும் பல மாத உழைப்பும் அந்த அரைப் புள்ளியில் வீணாகின்றன.

குடியேறவும் பணிக்குச் செல்லவும் விரும்புவோர் எழுதும் பொதுப் பயிற்சிப் பிரிவில் எழுத்துத் தேர்வு 60 நிமிடம். முதற் பகுதி கடிதம். குறைந்தது 150 சொற்கள். அதற்கு 20 நிமிடம் போதுமென்பர். இரண்டாம் பகுதி 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. அதற்கு மதிப்பு இருமடங்கு. உயர்கல்விக்குரிய பிரிவில் கடிதம் இல்லை. வரைபடம் முதலியவற்றை விளக்கி எழுத வேண்டும். எனவே எப்பிரிவு தமக்குரியது என்பதை முதலில் தெளிதல் நன்று.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம் ஆங்கில இலக்கணம் கற்பிக்கத் துணியவில்லை. ஆயினும் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, நாள்தோறும் வரும் கடிதங்களைப் படித்து மறுமொழி எழுதுவது நம் தொழில். எக்கடிதம் காரியத்தை முடிக்கும், எக்கடிதம் கோப்பில் உறங்கும் என்பதை நாம் நன்கு அறிவோம். படிப்பவர் யார், அவரிடம் நாம் வேண்டுவது யாது என்னும் இரண்டையும் மனத்திற் கொண்டு எழுதிய கடிதமே வெல்லும். அலுவலகத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை தேர்வுக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இரயிலில் பையை மறந்து இறங்கிவிட்டீர்கள், நிலைய அதிகாரிக்குக் கடிதம் எழுதுக, நடந்ததைக் கூறுக, பையை வருணிக்க, அவர் செய்ய வேண்டுவதைத் தெரிவிக்க என்று வினா அமைவதாகக் கொள்வோம். பயிற்சியில்லாத மாணவர் பயணத்தின் இன்பத்தைப் பத்து வரியில் எழுதுவார். பையைப் பற்றி ஒரு வரி எழுதுவார். வேண்டுகோளை மறந்தே விடுவார். அதிகாரியின் மேசையிலிருந்து பாருங்கள். எந்த வண்டி, எந்த நாள், எந்தப் பெட்டி, எந்த இருக்கை? பை என்ன நிறம், உள்ளே என்ன இருந்தது? கிடைத்தால் யாருக்குத் தெரிவிப்பது? இவற்றுக்கு விடை இருந்தாலன்றோ அவர் தேட முடியும்! வினாவில் தரப்படும் மூன்று குறிப்புகளும் இத்தகைய விடைகளையே கேட்கின்றன. ஒன்றை விட்டாலும் மதிப்பெண் குறையும். முதல் வரியிலேயே எழுதும் நோக்கத்தைக் கூறி, குறிப்புக்கு ஒரு பத்தியாக எழுதினால் கடிதம் தானே ஒழுங்குபெறும்.

திருத்துவோர் நோக்குவன நான்கு: கேட்டதற்கு விடை தந்தமை, கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம். நான்கிற்கும் சம மதிப்பு. ஆகவே கடுஞ்சொற்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதுமென்று கருதுவது பேதைமை. மனப்பாடக் கடிதத்தை அப்படியே இறக்கி வைத்தாலும் திருத்துவோர் எளிதிற் கண்டுகொள்வர்.

இனி, நம் அலுவலகங்களில் வழங்கும் ஆங்கிலம் பற்றி ஒரு சொல். 'ரெஸ்பெக்டெட் சர்', 'ஐ பெக் டு ஸ்டேட்', 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்பன வெள்ளையர் ஆட்சிக்கால மனுக்களின் எச்சம். காலில் விழுந்து இரக்கும் தொனி அவற்றில் உண்டு. தந்தையின் மனுவைப் பார்த்தே பிள்ளையும் பழகுகிறான். தேர்விலோ ஒரு குடிமகன் மற்றொருவருக்கு எழுதுகிறான். பணிவு வேண்டும், இரத்தல் வேண்டா. பெயர் அறியாதவரை 'டியர் சர் ஆர் மேடம்' என விளித்து 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என முடிக்க வேண்டும். குடும்பப் பெயரால் விளித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி' பொருந்தும். நண்பனை 'டியர்' என்று பெயர் சொல்லி அழைத்து 'பெஸ்ட் விஷஸ்' என முடிக்கலாம். முகவரி எழுதத் தேவையில்லை.

இந்த வேற்றுமை தமிழர்க்குப் புதிதன்று. தாய்க்கு எழுதும் மடல் வேறு, சம்பந்தி வீட்டாருக்கு எழுதும் மடல் வேறு என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். டாக்டர் மு. வரதராசனார் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' எனத் தனித்தனியே கடித நூல்கள் இயற்றினார். பெறுவோர்க்கேற்ப மொழி மாறும் என்னும் இவ்வுணர்வை ஆங்கிலத்திற்கும் கொண்டு செல்க. நலம் உசாவித் தொடங்குவது நண்பனுக்குப் பொருந்தும், அதிகாரிக்குப் பொருந்தாது.

பயிற்சி முறையும் எளிதே. வாரம் இரு கடிதம் எழுதுக. முதல் மூன்று நிமிடம் சிந்தனைக்கு, இறுதி மூன்று நிமிடம் திருத்தத்திற்கு, இடைப்பட்டன எழுதுவதற்கு. 'எ', 'தி' என்னும் சிறுசொற்களுக்கு நேரானவை தமிழில் இல்லாமையால் நாம் அவற்றை விட்டுவிடுவது இயல்பு. இறுதி நோட்டத்தில் அவற்றையும் வினைச்சொற்களின் காலத்தையும் பார்க்க. பின்னர்க் கடிதத்தை மற்றொருவரிடம் கொடுத்து, "இதைப் பெற்றால் நீர் என்ன செய்வீர்?" என்று வினவுக. அவர் தயங்காது விடை சொன்னால் கடிதம் நன்று.

அந்த மற்றொருவரை அளிக்கவல்லது நம் சங்கமே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் நம்மிடையே பலர் உளர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நூலகத்தில் அமர்ந்து இளைஞர்களின் கடிதங்களைப் படித்துத் திருத்த முன்வருமாறு அவர்களைக் கைகூப்பி வேண்டுகிறோம். இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடல் கடந்து சென்றபின், வென்ற அந்தக் கையாலேயே பெற்றோருக்குத் தமிழில் மாதம் ஒரு மடல் எழுதுங்கள். அதற்குப் புள்ளி இடுவார் இல்லை. ஆயினும் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார் உண்டு.