குன்றின்மேல் ஓர் எழுத்து



வில்லியனூரும் பாகூரும் ஏரியும் வயலும் சூழ்ந்த சமநிலம். ஏறிப் பார்க்க ஒரு குன்றில்லை. மலை காண விழைவார் வடமேற்கே செஞ்சிக்குச் செல்கின்றனர். கோட்டையைக் கண்ட அளவில் திரும்பிவிடுகின்றனர். செஞ்சியை அடுத்துள்ள திருநாதர்குன்றை நாடுவார் மிகச் சிலரே.

சிறு குன்று அது. ஏறுதற்கு விரைவு வேண்டா. வயற்காற்றை வாங்கியவாறு மெல்ல நடந்தாற் போதும். மேலே பெரும்பாறை ஒன்றில் அருகர் 24 பேரின் திருவுருவங்கள் இரு வரிசையாக அமர்ந்துள்ளன. 57 நாள் உண்ணாது நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவும் அக்குன்றிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்படும் அக்கல்வெட்டின் முதலெழுத்து யாது? ‘ஐ’! ஐம்பத்தேழு என்னும் எண்ணுப்பெயரின் முதலெழுத்து! கல்வெட்டில் ஐகார உயிர் முதன்முதற் காணப்படும் இடமாக அறிஞர் சுட்டுவது இதனையே.

‘ஐ’ எதற்கு, ‘அய்’ போதுமே என்றனர் சிலர். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோதும் ஐகாரம் நீங்கவில்லை. தொல்காப்பியம் வகுத்த உயிர் பன்னிரண்டனுள் ஒன்றன்றோ அது!

ஆயினும், பழம்பாறைகளில் தம் பெயரைக் கீறி முன்னோர் எழுத்தைச் சிதைப்பாரும் தமிழரே! இஃதன்றோ வெட்கம்! பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள், அவ்வெழுத்தைக் காட்டுங்கள், கீறாது, தேய்க்காது, கண்ணாற் கற்றுத் திரும்புங்கள். தமிழ்க்காப்பு அக்குன்றிலேயே தொடங்கட்டும்!