விழாத் தமிழும் வேலைத் தமிழும்



நான் மதுரை அவனியாபுரத்துக்காரன். தைப்பொங்கல் அன்று காலை ஜல்லிக்கட்டுக்கு முதலில் வாடிவாசல் திறப்பது எங்கள் ஊரில்தான். மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர். ஊரைவிட்டுத் தூரத்தில் வளரும் இந்தத் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளே, நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். யார் அதிக மாடு பிடித்தார், என்ன பரிசு வாங்கினார் என்றெல்லாம் சொல்வீர்கள். அந்தக் காளைக்கு வருஷம் முழுக்கப் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தது யார், கண்மாயில் நீச்சல் பழக்கியது யார் என்று கேட்டால் தெரியாது. அது உங்கள் தப்பில்லை. நாங்கள் உங்களுக்கு விழாவைக் காட்டினோம், வேலையைக் காட்டவில்லை.

மொழியிலும் இதையேதான் செய்கிறோம். வார இறுதி வகுப்பு, ஒப்பித்தல் போட்டி, ஆண்டு விழா: இவை வேண்டியவைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் பத்து வயதுவரை ஆசையாக வந்த பிள்ளை பதின்மூன்றில் நழுவுகிறதே, ஏன்? அந்த வயதுக்குப் பாராட்டு போதாது. தன்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார்களா என்று பார்க்கிற வயது அது. தமிழில் செய்து முடிக்க அவர்களுக்கு நாம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

வேலை கொடுப்பதைக் கல்வியாகவே யோசித்தவர் ஒருவர் நம் ஊருக்கு வந்து இருந்தார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போரினால் ஐரோப்பா திரும்ப முடியவில்லை. சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் தங்கினார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்ல, நம் ஆசிரியர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மழலையர் பள்ளி என்றால் அவர் பெயர் எல்லோருக்கும் நினைவு வரும். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அவர் சொன்ன திட்டம் அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகள் வீட்டைவிட்டு ஒரு பண்ணையில் தங்கட்டும். பயிர் செய்யட்டும்; விளைந்ததை விற்க ஒரு கடையும், வருகிறவர்கள் தங்க ஒரு விடுதியும் அவர்களே நடத்தட்டும். மண்ணைத் தொட்டால் உயிரியல், விற்றால் கணக்கு, கூடி வாழ்ந்தால் குடிமைப் பாடம் என்பது அதன் சாரம். அப்படி ஒரு பள்ளியை அவர் தம் கையால் நடத்தவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹண்ட்ஸ்பர்க் என்ற ஊரில் 2000-இல் அப்படி ஒன்று தொடங்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதுபோன்ற முயற்சி நடந்திருக்கிறது. 1937 அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கூட்டிய கல்வி மாநாடு, தாய்மொழியில் படிப்பு, கைத்தொழிலை நடுவில் வைத்த பாடம் என்று முடிவு செய்தது. ஆதாரக் கல்வி என்று பெயர்பெற்ற அதை நடத்த அமைந்த சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர் ஆரியநாயகம். யாழ்ப்பாணத்துத் தமிழர், சாந்திநிகேதனில் தாகூரிடம் பணியாற்றியவர். மனைவி ஆஷா தேவி வங்காளி. மராத்தி பேசும் சேவாகிராமத்தில் இருவரும் பல ஆண்டுகள் பள்ளி நடத்தினார்கள். பதினான்கு வயதைத் தாண்டியவர்கள் அங்கேயே தங்கி, தங்கள் உழைப்பிலேயே சாப்பிட்டு, உடுத்திப் படிக்க வேண்டும் என்பது அதன் மேல்நிலை. மதுரைக்குப் பக்கத்தில் அதே வழியில் 1947-இல் எழுந்தது சின்னாளபட்டி அருகிலுள்ள காந்திகிராமம். மதுரை டி.வி.எஸ். குடும்பத்துப் பெண்ணான டாக்டர் சௌந்தரமும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. திண்டுக்கல் போகும்போது ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? பல காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்காரன் ஒரு காரணத்தை மறைக்கக் கூடாது. 1953-இல் ராஜாஜி ஆட்சி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. அப்பன் சிரைத்தால் மகனும் சிரைக்கவா என்று நாடு கொதித்தது. குலக்கல்வி என்ற பெயர் விழுந்தது. 1954-இல் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். கைவிட்டது சரிதான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் மண்வெட்டியைக் கண்டால் நமக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். ஏழைப் பிள்ளை மட்டும் வரப்பு வெட்டினால் அது பழைய அடிமைத்தனம். பணக்காரப் பிள்ளை மட்டும் கட்டணம் கட்டி வரப்பு வெட்டினால் அது பொழுதுபோக்கு. இருவரும் ஒரே வரப்பில் நின்று, ஒரே கழிப்பறையை முறைவைத்துக் கழுவினால்தான் அதற்குக் கல்வி என்று பெயர்.

அதனால் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கட்டடம் வேண்டாம், கல்வெட்டு வேண்டாம். உங்கள் கோடை விடுமுறையில் ஒரு மாதம், மதுரைச் சீமையில் நடப்பில் இருக்கிற ஒரு பண்ணையில், பதின்மூன்று முதல் பதினாறு வயது வரை இருபது பேர் தங்கட்டும். பத்துப் பேர் இங்கிருந்து வரட்டும். பத்துப் பேர் எங்கள் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களுக்கு ஆகும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், உங்கள் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். மடையைத் திறக்க, தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சியிடம் முறை கேட்பதும், பால் கணக்கு எழுதுவதும், உழவர் சந்தையில் கத்தரிக்காய் விற்பதும் தமிழில். சொட்டுநீர்ப் பாசனக் கருவியின் கையேட்டைப் படிப்பதும், மாத முடிவில் உங்களுக்கு அறிக்கை எழுதுவதும் ஆங்கிலத்தில். எந்தப் பிள்ளையும் மாதம் முழுக்க ஆசிரியராகவே இருக்க முடியாது, மாணவராகவே இருக்கவும் முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் அடிக்கும், கொசு கடிக்கும், முதல் வாரம் தொலைபேசியில் அழுவார்கள். உடனே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இரண்டாம் வாரம் நீங்களே கூப்பிட்டாலும், "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்கள் கவிதை ஒப்பிக்க வேண்டாம். அந்த மாதத்து வரவு செலவைத் தமிழில் படித்து, நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு மேடையில் நின்று பதில் சொல்லட்டும்.