ஜாவா நிரலை நம்புவதற்கு முன்

பல வீடுகளில் பிள்ளைகள் விளையாடும் கணினியும் பெற்றோர் வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியும் ஒன்றுதான். இதிலுள்ள ஆபத்து 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிச்சத்துக்கு வந்தது.

'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் ஜாவா பதிப்பில் புதிய வசதிகளைச் சேர்க்க 'மோட்' எனப்படும் சிறு நிரல்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் நச்சுநிரல் கலக்கப்பட்டிருந்தது. அவை முகவரி தெரியாத தளங்களிலிருந்து வரவில்லை. விளையாட்டாளர்கள் நம்பிப் பயன்படுத்திய கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்களிலேயே கிடைத்தன. 'பிராக்சரைசர்' எனப் பெயர் பெற்ற அந்த நச்சுநிரல், உலாவியில் சேமிக்கப்பட்டிருந்த நுழைவு விவரங்களைத் திருடியது. கணினியிலிருந்த மற்ற ஜாவா கோப்புகளுக்குள்ளும் புகுந்துகொண்டது.

ஜாவா தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் மொழியாயிற்றே, இது எப்படி நடந்தது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய ஜாவாவில், நிரலர் எழுதும் வரிகள் 'பைட்கோட்' என்னும் கட்டளைகளாக மாற்றப்படுகின்றன. பயனாளரின் கைக்கு வருவது இந்த மாற்றப்பட்ட வடிவம் மட்டுமே. அதை இயக்கும் முன் ஜாவாவின் சரிபார்ப்பி ஒருமுறை பரிசோதிக்கிறது. கட்டளைகள் முறையாக உள்ளனவா, எண்ணை முகவரியாக மாற்றிக் காட்டும் ஏமாற்று உண்டா என்று அது பார்க்கும். இது ஒரு கடிதத்தில் இலக்கணப் பிழை தேடுவதைப் போன்றது. இலக்கணம் பிசகாமலே பொய் எழுத முடியும் அல்லவா? மின்கையொப்பமும் அப்படித்தான். முத்திரையிட்டவர் யார், அதன்பின் கோப்பு மாற்றப்பட்டதா என்பதை அது காட்டும். உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பதைக் காட்டாது.

ஆகவே, கோப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். 'ஜார்' கோப்பு என்பது ஒருவகை 'ஜிப்' பொதிதான். ஜாவா நிரலாக்கத் தொகுப்புடன் வரும் 'ஜாவாபி' என்னும் கருவி, நிரலை இயக்காமலேயே அதன் கட்டளைகளைப் பட்டியலிட்டுக் காட்டும். பைட்கோட்டை மீண்டும் ஜாவா வரிகளாக மாற்றித் தரும் கருவிகளும் உள்ளன.

அப்படிப் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. விளையாட்டில் ஒரு நாற்காலியைச் சேர்க்கும் நிரலுக்கு இணையத் தொடர்பு எதற்கு? வெளியிலிருந்து வேறு நிரலை அது ஏன் இறக்க வேண்டும்? எழுத்தில் இருக்க வேண்டிய பெயர்கள் ஏன் எண் வரிசையாக மறைக்கப்பட்டுள்ளன? பிராக்சரைசரில் இந்த மூன்றுமே இருந்தன. மோட்களைப் பிரித்துப் படித்த தன்னார்வலர்களே அதைக் கண்டுபிடித்தனர்.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. மோட்டுக்குள் இருந்தது ஒரு சிறிய கதவு மட்டுமே. திருடன் பிறகுதான் இணையம் வழியாக வந்தான். எல்லா நிரல்களின் நடத்தையையும் முன்கூட்டியே தவறாமல் கணித்துவிடும் பொதுவழி கிடையாது என்பதற்கான அடிப்படையை ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். எனவே, 'குறை எதுவும் தென்படவில்லை' என்று ஒரு கருவி சொன்னால், அதைப் 'பாதுகாப்பானது' என்ற உறுதிமொழியாகக் கொள்ளக்கூடாது.

இயக்கிப் பார்த்துச் சோதிப்பது அதைவிடப் பெரிய தவறு. இயங்கத் தொடங்கிய மோட்டுக்குப் பயனாளருக்குள்ள அனுமதிகள் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தனிக் கணினியோ, குறைந்தபட்சம் தனிப் பயனர் கணக்கோ ஒதுக்குவது நல்லது. நச்சு புகுந்ததாகச் சந்தேகம் வந்தால், கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும். வாசலில் நிற்பவர் யாரென்று கேட்ட பிறகே கதவைத் திறக்கும் வழக்கம் கணினிக்கும் பொருந்தும்.